ஏற்காட்டு எஸ்டேட் பாதைக்கு வி-கிராஸ்: முதலில் டயர், பிறகு லிஃப்ட்

முன்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாறிவிட்டன. நான்கு டயரும் ஸ்டெப்னியும் 265/70 ஆர்16 ஆகிவிட்டன. பின்பக்க வேலை மட்டும் பாக்கி. பிக்கப்பின் சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் தேடுகிற எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச்?" என்றுதான். எந்த டயர் என்று முடிவாகாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது இந்த வேலையில் எனக்கு நன்றாகப் புரிந்தது.

வண்டி, 2016இல் இங்கே விற்பனைக்கு வந்த முதல் வடிவ இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்னால் டபுள் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் கமான் பட்டை. கம்பெனி டயர் 245/70 ஆர்16. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வண்டியில் எதையும் மாற்றத் தேவையில்லை. நாகலூர் தாண்டி மாமாவின் காப்பி எஸ்டேட்டுக்குள் இறங்கும் மண்பாதையில்தான் சிக்கல். மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் அரித்து, நடுவில் கருங்கல் துருத்தி நிற்கும். அங்கே பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கியர்ப் பெட்டியான டிஃபரன்ஷியல்தான் முதலில் இடிக்கும்.

எத்தனை இஞ்ச் லிஃப்ட் போட்டாலும் அந்த டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. லிஃப்ட் உயர்த்துவது சேசிஸையும் பாடியையும்தான். ஆக்ஸில், சக்கரத்தின் நடுவோடு கட்டப்பட்டது; அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். கணக்கு எளிது. டயரின் அகலமான 245 மி.மீ.இல் 70 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம், 171.5 மி.மீ., அதை இரண்டால் பெருக்கி, 16 இஞ்ச் ரிம்மின் 406.4ஐக் கூட்டினால் டயரின் விட்டம் 749 மி.மீ. இதே கணக்கில் 265/70க்கு 777, 265/75க்கு 804. விட்டத்தில் கூடியதில் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கீழே கிடைக்கும். அதாவது முதலாவதில் 14 மி.மீ., இரண்டாவதில் 27. கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் கல் உரசுவதற்கும் உரசாமல் போவதற்கும் நடுவில் அந்தப் பாதையில் இருக்கும் வித்தியாசமும் அவ்வளவுதான்.

மனசு 265/75 பக்கம் போனது உண்மை. பார்க்க அவ்வளவு கம்பீரம். வாங்குவதற்கு முன் பொருத்திப் பார்த்துவிடலாம் என்று, நண்பர்களிடமிருந்து இரண்டு அளவிலும் ஒவ்வொரு சக்கரம் இரவல் வாங்கிக்கொண்டு கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். யாரிடம் கேட்டாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்பக்கம் ஒரு ஸ்ட்ரட்டை (ஷாக்கை) ஸ்பிரிங்கோடு மொத்தமாகக் கழற்றிவிட வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டயரை மாட்டி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும்வரை ஏற்றுங்கள். ஸ்பிரிங் இல்லாததால் சுலபமாக ஏறும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். பள்ளத்தில் வேகமாக இறங்கும்போது சக்கரம் போய் நிற்கும் இடம் அதுதான்.

265/75, முழு ஒடிப்பில் வீல் ஆர்ச்சின் பின்பக்கம், பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட் அருகே உட்கார்ந்துவிட்டது. "லிஃப்ட் போட்டா சரியாயிடுமா அண்ணா?" என்று கேட்டேன். மெக்கானிக் அண்ணன் பம்ப் ஸ்டாப்பைத் தட்டிக் காட்டினார். "இது இருக்கற இடத்துல இருக்கற வரைக்கும் டயரும் இதே இடத்துக்குத்தான் தம்பி வரும்."

அவர் சொன்னதுதான் இதில் பலரும் கவனிக்காத விஷயம். ஸ்பிரிங் லிஃப்டும், ஸ்ட்ரட்டுக்கு மேல் வைக்கும் கட்டையான ஸ்பேசரும், வண்டி சும்மா நிற்கும்போது இருக்கும் உயரத்தை மட்டும்தான் மாற்றும். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால், லிஃப்ட் போடாத வண்டியில் எங்கே இடிக்குமோ அங்கேதான் இடிக்கும். அதைத் தவிர்க்க பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும், அல்லது தகரத்தை வெட்ட வேண்டும், அல்லது பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்க வேண்டும். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. 265/70 மட்ஃபிளாப்பை மட்டும் லேசாகத் தொட்டது. அதன் ஓரத்தைச் சீவி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கட்டியதும் தாராளமாகச் சுற்றியது. டயர் முடிவானது அப்படித்தான்.

இந்த டயருக்கு லிஃப்ட் கட்டாயம் இல்லை. காலியாக நிற்கும்போது மூக்கு தாழ்ந்தும் வால் தூக்கியும் இருந்ததைச் சமமாக்கவும், பாறையில் ஏறும்போது முன் பம்பருக்குக் கூடுதல் இடைவெளி கிடைக்கவும் முன்பக்கம் மட்டும் சின்னதாக உயர்த்தினேன். மலிவான வழி, ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர். இந்த வகை சஸ்பென்ஷனில் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். கெடுதலும் அதே அளவில் வரும். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் சி.வி. ஜாயின்டும், மேல்கையான அப்பர் ஆர்மின் பால் ஜாயின்டும் கூடுதல் கோணத்தில் வளையும். அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் அடிமட்டத்தில் முட்டவும் வாய்ப்பு உண்டு. அதனால் நீளமான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் சேர்ந்த செட்டையே வாங்கினேன். விலை கூடத்தான். மலை இறக்கத்தில் நம்பி உட்கார வேண்டிய பாகம் என்பதால் யோசிக்கவில்லை.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் மாறினாலும் காற்று குறைந்தாலும் அளவு மாறிவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை, லிஃப்ட் போடுவதற்கு முன்பும் போட்ட பின்பும் அளக்க வேண்டும். எனக்கு 38 மி.மீ. கூடியிருக்கிறது.

மாட்டும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது ஒன்றை. ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர், அதாவது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். நேர்ரோட்டில் ஸ்டியரிங் அலைபாயும். அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கச்சாய்வு) அளவுகளையும் அச்செடுத்து வாங்கினேன். 38 மி.மீ.க்குக் கம்பெனி அட்ஜஸ்ட்மென்ட்டுக்குள்ளேயே சரிசெய்ய முடிந்தது. இதற்கு மேல் போயிருந்தால் வேறு அப்பர் ஆர்ம் வாங்க வேண்டி வந்திருக்கும். பிறகு தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாய்வரை ஓட்டிப் பார்த்தேன். லாரிகளைத் தாண்டும்போது ஸ்டியரிங் கையில் உறுதியாக நின்றது.

டயர் பெரிதானதால் ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 83. கியர் விகிதமும் அதே அளவு உயர்ந்துவிட்டது. ஏற்காட்டு ஏற்றத்தில் இழுவை சற்றுக் குறைவதும், இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிங் கொஞ்சம் தளர்வதும் தெரிகிறது. இரண்டாவது கியரில் இறங்கிய வளைவுகளுக்குள் இன்னும் நிதானமாக நுழைகிறேன். 265/75 என்றால் இந்த வித்தியாசம் இரண்டு மடங்கு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாகம் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பின்பக்கம். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால் கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பதை நான் விரும்பவில்லை. பிரேக் பிடிக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும். பட்டறையில் கூடுதல் பட்டை ஒன்று சேர்க்கச் சொல்கிறார்கள். சுமைக்கு நல்லது, காலியாகப் போகும்போது தூக்கிப்போடும். காப்பி அறுப்பில் மூட்டை ஏற்றியதும் பின்னால் எவ்வளவு இறங்குகிறது, ஹெட்லைட் எவ்வளவு மேலே அடிக்கிறது என்று அளந்து பார்த்துத்தான் அதை முடிவு செய்வேன். சேர்ப்பதானால், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் பழைய யு போல்ட்டைத் திரும்ப முறுக்காமல் புதிதாக வாங்கிப் போட்டு, கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.