ஆர்3-இலிருந்து ஆர்6-க்கு: முதல் பந்தய வார இறுதியும் ஒரு கியர் லீவரும்

ஞாயிறு மாலை ஒட்டப்பட்ட முடிவுப் பட்டியலில் 24 பேரில் 13-ஆவதாக என் எண் இருந்தது. தகுதிச் சுற்றில் 17-ஆவது இடம் பிடித்தவனுக்கு, அதுவும் 600 சிசி மோட்டார் சைக்கிள் வகுப்பில் யமஹா ஆர்6-உடன் முதன்முறையாக இறங்கியவனுக்கு, இது நிறைவான முடிவுதான். ஆனாலும் சனிக்கிழமை முழுவதையும் நானே வீணாக்கினேன் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. சிறிய ஆர்3-இலிருந்து இதே மாற்றத்தைச் செய்யவிருப்பவர்களுக்கு அந்த ஒரு நாளாவது மிஞ்சட்டும் என்று, நினைவு மங்குவதற்குள் எழுதுகிறேன்.

மூன்று பருவங்கள் யமஹா ஆர்3 ஓட்டியிருந்தேன். 321 சிசி, இரண்டு சிலிண்டர், முன்னால் ஒரே டிஸ்க். அந்த வண்டியில் ஒருமுறை இழந்த வேகத்தைத் திரும்பப் பெற நெடுநேரம் பிடிக்கும் என்பதால், வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகிறோம் என்பதில்தான் நேரம் கிடைக்கும். ஆர்6-இன் 599 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின் 14,500 ஆர்பிஎம்மில்தான் தன் உச்ச சக்தியைத் தருகிறது. எடை ஏறத்தாழ 20 கிலோ கூடுதல். என் வண்டியில் முன்னால் 320 மிமீ டிஸ்க் இரண்டு. பின் டயரின் அகலம் 140-க்குப் பதிலாக 180. இவற்றையெல்லாம் படித்துத் தயாராகியிருந்தேன். நான் தயாராகாமல் போனது என் இடது காலுக்குத்தான்.

வண்டியைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்ட நிலையிலேயே வாங்கினேன். வெள்ளி இரவு அதில் புதிய ரியர்செட்டை (கால்தாங்கிகளும் கால் லீவர்களும் அடங்கிய தொகுதி) பொருத்தி, கியரையும் தலைகீழ் முறைக்கு மாற்றினேன்: முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இடப்பக்கம் சாய்ந்து வளைவை விட்டு வெளியேறும்போது லீவருக்கு அடியில் காலை நுழைக்காமல், மேலிருந்து மிதித்தே கியரை ஏற்றலாம் என்பது இதன் பயன். ஆனால் கியரைக் குறைக்கும்போது லீவருக்கு அடியில் கால்நுனி போயாக வேண்டும். செருப்புக் காலோடு உட்கார்ந்து சரிபார்த்தேன், சரியாக இருந்தது. பந்தய பூட்ஸின் நுனி அதைவிடத் தடிமன் என்பதை அப்போது நினைக்கவில்லை.

சனிக்கிழமை 20 நிமிடப் பயிற்சிகள் நான்கு. முதல் பயிற்சியிலேயே நான்காவது வளைவில் வண்டி வெளிப்பக்கம் விலகிப் போயிற்று. ஐந்தாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க வேண்டிய இடம் அது. முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று முடிவுகட்டி, பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டினேன். அடுத்த பயிற்சிக்கு முன் ஃபோர்க்கின் (முன் சஸ்பென்ஷன்) ரீபவுண்டை, அதாவது அமுங்கியபின் அது விரிவதைக் கட்டுப்படுத்தும் திருகை, இரண்டு கிளிக் தளர்த்தினேன். மூன்றாவது பயிற்சியில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் அலையத் தொடங்கியது. அதற்கு ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம். அன்றைய என் சிறந்த சுற்று, பழைய ஆர்3-இல் இதே தடத்தில் எடுத்ததைவிட 0.6 விநாடி மெதுவானது. சக்தி இரண்டு மடங்குக்கும் மேலான வண்டியில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தபோது, இந்த வகுப்புக்கு நான் தகுதியில்லையோ என்றே மனம் உடைந்தது.

அன்று மாலை, அந்த வளைவின் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த ஓட்டுநர் என் இடத்துக்கு வந்தார். "தம்பி, வண்டி நன்றாகத்தான் திரும்புகிறது. உங்கள் இடது கால்தான் லீவரைத் தேடிக்கொண்டிருக்கிறது" என்றார். லெதர் சூட்டையும் பூட்ஸையும் அணிந்து, பேடாக் ஸ்டாண்டில் (வண்டியை நிமிர்த்தி நிறுத்தும் தாங்கி) நிற்கும் வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு கியரைக் குறைக்கச் சொன்னார். மூன்று முறை தூக்கியதில் ஒருமுறை கால்நுனி லீவரின் பக்கவாட்டில் மோதி நின்றது. மூன்று கியர் இறக்கியதாக நான் நினைத்த இடத்தில் இரண்டுதான் இறங்கியிருக்கிறது. மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் போனதால் எஞ்சின் பிரேக்கிங் (எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைப்பது) குறைந்து வண்டி விலகியது. வெளியேறும்போது ஆர்பிஎம் கீழே கிடந்ததால் இழுவையும் இல்லை. இணைப்புக் கம்பியைத் திருகி லீவரை 8 மிமீ உயர்த்தினோம். மொத்த வேலையும் பத்து நிமிடம்.

ஆகவே, புது வண்டியில் தடத்துக்குள் போகும் முன்:

முழு உடையில் உட்காருங்கள். பூட்ஸ் கட்டாயம்.
கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை கியரைக் குறையுங்கள்; ஒன்றுகூடத் தவறக் கூடாது.
பிரேக் லீவரின் கோணத்தை, முன்சாய்ந்து பிரேக் பிடிக்கும் நிலையில் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தால் தவறாகத் தெரியும்.
சஸ்பென்ஷனின் எந்தத் திருகைத் தொடும் முன்னும், அதை முழுவதும் மூடி, எத்தனை கிளிக்கில் இருந்தது என்று எழுதிவிட்டு, அதே இடத்துக்குத் திருப்பி வையுங்கள்.

கடைசியாகச் சொன்னதை நான் செய்யவில்லை. முன்பு வண்டியை வைத்திருந்தவர் தடத்துக்கென்று அமைத்த நிலை முற்றிலும் தொலைந்துபோனது. கையேட்டில் உள்ள நிலையான அளவுகளுக்குத் திரும்பி, ரைடர் சாக் (ஓட்டுநர் உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) பின்னால் 32 மிமீ வருமாறு மட்டும் வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் வேறெதையும் தொடவில்லை. கியர் முறையை மாற்ற விரும்புகிறவர்கள் பழைய வண்டியிலேயே மாற்றிப் பழகிக்கொண்டு, பிறகு புது வண்டிக்குப் போவது நல்லது. இரண்டையும் ஒரே வார இறுதியில் செய்வது என்னைப் போல நிதானமாகக் கற்பவர்களுக்கு ஒத்துவராது.

கால் சரியான பிறகுதான் பாதையைப் பற்றி யோசிக்க முடிந்தது. ஆர்3-இல் போட்ட அகன்ற வட்டத்தை ஆர்6-இலும் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் வண்டி நெடுநேரம் சாய்ந்தே இருப்பதால், த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) திறக்கத் துணிவு வருவதில்லை. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் ஆழமாகப் போய்த் திருப்பி, வண்டியைச் சீக்கிரம் நிமிர்த்தினால்தான் அந்தச் சக்தியைப் பயன்படுத்த முடிகிறது. வளைவின் நடுவில் மெதுவாகப் போகிறோமே என்ற உறுத்தல் இருக்கும். நேர்ப்பாதையின் முடிவில் அது மறைந்துவிடும். பிரேக் பிடிக்கும் குறியைச் சுற்றுக்கு ஒரு வண்டி நீளம் மட்டும் தள்ளினேன். அதற்கு மேல் தள்ளிய இரண்டு சுற்றுகளிலும் ஏபெக்ஸை (வளைவின் உள்விளிம்பைத் தொட வேண்டிய இடம்) தவறவிட்டேன்.

பந்தயத்தில் என் சிறந்த சுற்று, சனிக்கிழமை எடுத்ததைவிட 4.1 விநாடி வேகமானது. அதில் பெரும்பகுதி நான்காவது வளைவிலும் அதையடுத்த நேர்ப்பாதையிலும் கிடைத்தது. ஏழாவது வளைவில் இன்னமும் த்ராட்டிலைத் தேவையில்லாமல் மூடுகிறேன். ஆர்3-இல் அங்கே மூடாமலே போனவன் நான். அடுத்த சுற்றுப் போட்டியின் முதல் பயிற்சியை முழுக்க அந்த ஒரு வளைவுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.