இரண்டு பொருளும் பொருந்திய ஒரு சொல்

அந்த விசாரணை அறிக்கை போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. அதில் நான் மாற்றிய ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

புகாரை முதலில் கையாண்ட அதிகாரி 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆக இருந்தார் என்று ஆங்கில வரைவில் எழுதியிருந்தார் உடன் வேலை பார்த்தவர். அக்கறை காட்டவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறார் என்று எனக்குப் பட்டது. ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பாரபட்சமற்றவர், இதில் சொந்த ஆதாயம் ஏதும் இல்லாதவர் என்ற பொருளில்தான் எழுதுவார்கள். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுபவரிடம் எதிர்பார்க்கும் குணம் அது. அதனால்தான் இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டம், சாட்சிக்கே எழுதிவைத்த சொத்து செல்லாது என்கிறது. அக்கறையின்மைக்கு 'அன்இன்ட்ரஸ்டட்' என்று தனிச்சொல் இருக்கிறது.

"எல்லாருக்கும் புரியும் சார், விடுங்க" என்றார்.

"எல்லாரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்குவாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லை மாற்றி அனுப்பிவிட்டேன்.

'அஃபெக்ட்' (பாதிப்பது), 'எஃபெக்ட்' (விளைவு) இடம் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. 'ஸ்டேஷனரி' என்பதில் ஓர் எழுத்து மாறினால் எழுதுபொருள் அசையாப் பொருளாகிவிடும். ஆனாலும் வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். பயப்பட வேண்டியது, எதைப் போட்டாலும் வாக்கியம் சரியாகவே நிற்கும் ஜோடிகளுக்குத்தான். 'பைஆனுவல்' என்றால் ஆண்டுக்கு இருமுறை, 'பையெனியல்' என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் இது மாறினால், இரண்டு ஆண்டில் நடக்க வேண்டிய நான்கு சோதனைகள் ஒன்றாகிவிடும். படிக்கிற யாருக்கும் சந்தேகம்கூட வராது. இந்த அறிக்கையும் அப்படித்தான்: ஒருவர் அதைப் பாராட்டாகவும் இன்னொருவர் குற்றச்சாட்டாகவும் படித்திருப்பார்கள். புகார் கொடுத்தவருக்குத் தெளிவான ஒரு வரி கிடைக்க வேண்டாமா?

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே மறுபக்கமும் வந்து நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்ற சொல்லை அக்கறையற்ற என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். இன்றைய அகராதிகளும் இரண்டு பொருளையும் தருகின்றன. அப்படியானால் அவர் எழுதியதைத் தவறென்று எப்படிச் சொல்வது? அது மட்டுமல்ல, குற்றம் சொல்லும் வரியைக் கொஞ்சம் மங்கலாக விட வேண்டும் என்றே அவர் நினைத்திருக்கலாம். நான் செய்தது பிழைதிருத்தமா, தீர்ப்பா?

இப்போதெல்லாம் இந்த மாதிரிச் சொல்லைத் தொடாமல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்புகிறேன். பெரும்பாலும் அவசரத்தில் கேள்விக்குறியை மட்டும் எடுத்துவிட்டு, சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்போது மாற்றியிருக்கலாமே என்று தோன்றுகிறது.