கதவுக்கு இந்தப் பக்கம்

2024 ஜூலை 6, சனி

இதை எழுதலாமா என்று மகனிடம் கேட்டேன். "என் பெயர் வரக்கூடாது. ஊர் பெயர் வரக்கூடாது. போடுவதற்கு முன் நான் படிக்க வேண்டும்" என்றான். மூன்றுக்கும் சம்மதித்தேன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். அவனுக்குப் பதினைந்து வயது. இவ்வளவு போதும்.

மே 19 ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்டான். பதினொன்றாம் வகுப்புக்குப் புது ஷூ வாங்க. ஒரத்தநாடு சாலையில் எதிரே லாரி. தம்பி அங்கேயே போய்விட்டான். மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. சில வாரத்தில் கூடிவிட்டது.

எலும்பு கூடிய பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது. இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். லாரி ஹாரன் கேட்டால் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிடுகிறான். வீட்டில் யாராவது 'மாமா' என்றால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறான். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தே போகிறான். சைக்கிள் கூட வேண்டாமாம்.

அவனுடைய அப்பாயி, "பிள்ளை பயந்திருக்கிறான்" என்று தர்காவுக்கு அழைத்துப் போய் ஓதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அன்று ஓர் இரவு நன்றாகத் தூங்கினான். அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். பேரனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவர் அவர்தான். நாங்கள் படித்தவர்கள், "பரீட்சை வந்தால் சரியாகிவிடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மாதக் கடைசியில் 14416க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழில் பேசினார்கள், அவசரப்படுத்தவில்லை. இப்படி ஒன்று நடந்தால் முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு, பலருக்குத் தானாகவே அடங்கிவிடும், ஒரு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும் என்றார்கள். தஞ்சாவூருக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். சிக்கலே அங்கேதான். பஸ் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் நிலையம் வரை வந்தான். படியில் கால் வைத்தான். இறங்கிவிட்டான். மன்னார்குடி வழியாகச் சுற்றிப் போகலாம் என்றார் என் கணவர். எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்றான்.

அதனால்தான் காணொளி வழி. மனநல மருத்துவர் ஒருவர் முதலில் பேசிவிட்டு, இந்த வயதில் இதற்கு மாத்திரையில் தொடங்க வேண்டியதில்லை, பேச்சு சிகிச்சைதான் முதலில் என்றார். மதுரையில் இருக்கும் மருத்துவ உளவியலாளர் ஒருவரைச் சொன்னார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் அவருடைய பதிவு எண்ணைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன். இணையத்தில் யார் யாரோ 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டிக்கொள்கிறார்கள். தேடுகிற பெற்றோர் இந்த எண்ணைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்று மாலை ஐந்து மணிக்கு முதல் அமர்வு. முதல் பத்து நிமிடம் நானும் இருந்தேன். இப்போது எந்த அறையில் இருக்கிறாய், வீட்டில் யார் இருக்கிறார்கள், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணுக்கு அழைக்கட்டும், யாராவது திடீரென்று உள்ளே வந்தால் என்ன சொல் சொல்வாய் என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு மகன் "இளநீர்" என்றான். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அந்த அறைக்கு இதுவரை தாழ்ப்பாள் போட்டதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். காது முழுக்க உள்ளேதான் இருந்தது.

ஜூலை 13, சனி

கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறானாம். பேச முடியாத இடத்தில் தட்டச்சு செய்கிறானாம். எனக்குக் கவலையாக இருந்தது. உளவியலாளரிடம் கேட்டேன். "என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். முகத்தைக் காட்டுவதும் காட்டாததும் அவன் கையில் இருக்கட்டும். அன்று சாலையில் எதுவுமே அவன் கையில் இல்லையே" என்றார்.

எட்டுக் கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறார். நினைக்காதபோதும் நினைவு வருகிறதா, அதை ஒதுக்கப் பார்க்கிறாயா என்பதுபோல. மொத்தம் 40 மதிப்பெண். 17 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அவனுக்கு 31.

ஜூலை 31, புதன்

நேற்று அதிகாலை வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போய்விட்டன. பள்ளியிலிருந்து வந்தபோது தொலைக்காட்சியில் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மகன் சுவரோடு சாய்ந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். விரல்கள் சில்லிட்டிருந்தன. அணைத்துவிட்டேன். அப்பாயி கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

தப்பி வந்த ஒரு பிள்ளையின் முன்னால் மைக்கை நீட்டி, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார்கள். நெஞ்சு பதறியது. உடனடியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்ல வைப்பது மனத்தை ஆற்றாது, சில பேருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று உளவியலாளர் முன்பே சொல்லியிருந்தார். பேச வேண்டும். ஆனால் எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதைப் பேசுகிறவர் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு வேண்டியது உலர்ந்த துணியும் சொந்தக்காரர் ஒருவருடைய கையும்தான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தம்பி இருந்தால் இந்நேரம் சித்திரான்னம் கேட்டு வாசலில் நின்றிருப்பான். சமைக்கவில்லை.

இன்று எனக்கென்று தனியாக அரை மணி நேரம். நினைவு எப்படிச் சிக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். சாதாரண நினைவுக்குத் தேதி இருக்கும், அது போன வருடத்தில் இருக்கும். இந்த நினைவுக்குத் தேதி ஒட்டவில்லை. அதனால் ஹாரன் கேட்டதும் அது 'அன்று' ஆகாமல் 'இப்போது' ஆகிவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் இதற்கு 'மனவடு' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். நம் மருத்துவச் சீட்டில் எழுதும் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்பதைவிட அது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. வடு என்றால் காயம் உண்டு, ஆறவும் ஆறியிருக்கிறது.

"உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "எனக்கென்ன" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். அழுதேன்.

ஆகஸ்ட் 24, சனி

இன்றைய அமர்வுக்கு ஒரு கயிறு, பூக்கள், கற்கள் வேண்டும் என்று வியாழக்கிழமையே செய்தி வந்தது. கயிற்றுக்கு இந்த வீட்டில் பஞ்சமா? தோப்புக் கொட்டகையிலிருந்து மூன்று பாக நீளத்துக்கு நார்க்கயிறு எடுத்து வந்தான். நந்தியாவட்டையை அவனே பறித்தான். கற்களைப் பொறுக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டான். கையில் எடுத்து எடை பார்ப்பதும், கீழே போடுவதும், வேறொன்று தேடுவதுமாக அரை மணி நேரம்.

முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கைப்பேசியை நாற்காலியின் முதுகில் சணலால் கட்டி, தரை தெரிகிறமாதிரி வைத்திருந்தான். கயிற்றின் ஒரு முனை அவன் பிறந்த நாள். மறுமுனை சுருட்டிக் கிடந்தது, அது இனி வரப்போகும் நாட்களாம். நல்லவற்றுக்குப் பூ, கெட்டவற்றுக்குக் கல். கயிற்றின் பாதியைத் தாண்டிய இடத்தில் ஒரு கருங்கல்லும் அதை ஒட்டி ஒரு பூவும். "இது என்ன?" என்றேன். "கஜா" என்றான். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் அந்தப் புயலில் எங்கள் தோப்பு முழுதும் படுத்துவிட்டது, அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பூ எதற்கு? மறுநாள் மாமா மரம் அறுக்கும் வாளோடு வந்து நின்றதற்கு.

சுருளுக்குச் சற்று முன்னால் ஒரு கல். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. செங்கல்லில் பாதி இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இதே முறையைப் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றார் உளவியலாளர். 8 முதல் 14 வயது வரை 31 பேர். பாதிப் பேர் ஆறு அமர்வுகளில் தங்கள் கதையை ஆதி முதல் சொன்னார்கள், மற்றவர்களுக்கு மூச்சுப்பயிற்சியும் தியானமும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 விழுக்காடும் இரண்டாவதில் 71 விழுக்காடும் தேறியிருந்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே செய்தார்களாம். எனக்கு அந்த 71தான் மனத்தில் நின்றது. ஆறு முறை ஒருவர் நமக்காக வந்து உட்காருவது என்பதே எவ்வளவு பெரிய மருந்து.

செப்டம்பர் 14, சனி

போன வாரம் பிள்ளையார் சதுர்த்தி, ஒலிபெருக்கி ஓயவில்லை, அமர்வைத் தள்ளிவைத்தோம். இன்று கயிற்றில் அந்தப் பெரிய கல்லுக்கு வந்திருக்கிறார்கள்.

5.40க்கு மின்சாரம் போனது. வைஃபை அணைந்தது. நான் அடுக்களையில் இருந்தேன். உள்ளே நாற்காலி விழுந்த சத்தம். என் கைப்பேசி ஒலித்தது. "உள்ளே போங்கள். ஒலிபெருக்கியில் போடுங்கள். அவனைத் தொடாதீர்கள், முதலில் கேளுங்கள்" என்றார் உளவியலாளர்.

இருட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். மூச்சு இரைத்தது. "உன் பக்கத்தில் உட்காரலாமா?" என்றேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவனிடம் நான் கேட்டதில்லை. தலையசைத்தான். கைப்பேசியிலிருந்து அவர் குரல் மெதுவாக வந்தது. "இப்போது தேதி என்ன? என்ன கிழமை? தரை எப்படி இருக்கிறது, சூடா குளிர்ச்சியா? கேட்கிற சத்தம் ஒன்று சொல்." வெகுநேரம் கழித்து, "பல்லி" என்றான். பிறகு, "தோப்பில் மோட்டார் நின்றுவிட்டது." பிறகு, "அம்மா வளையல்."

அவர் அத்தோடு வைத்துவிடவில்லை. அதே அழைப்பில், இருட்டிலேயே, கதையை ஆம்புலன்ஸ் வந்தது வரை, மருத்துவமனையில் அப்பா வந்து நின்றது வரை கொண்டுவந்து முடித்தார். பாதியில் விட்டால் அவன் மனம் அந்தச் சாலையிலேயே நின்றுவிடுமாம். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன். அவன்தான், "அம்மா, வாசலில் இரு" என்றான்.

நாளை இன்வெர்ட்டருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

அவன் சொன்னதையெல்லாம் உளவியலாளர் எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டி, அவன் திருத்தி, இப்போது அது பதினொரு பக்கம். இன்று எனக்கு வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டான். கேமராவைப் போட்டிருந்தான்.

எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஓர் இடத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தான்.

"பெட்ரோல் போட்ட இடத்தில் மாமா ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். எனக்குப் பெரிதாக இருந்தது. பட்டையை இழுத்துக் கட்டினார். அவர் விரலில் பெட்ரோல் வாசனை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை."

நான்கு மாதமாக அவன் தொண்டையில் இருந்தது இந்தக் கடைசி வரி.

அன்று காலை தம்பியை அழைத்து, "பையன் தலையில் ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுக்காதே" என்று சொன்னது நான். அதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. தொலைக்காட்சிக்கு மேலே பரணில் அந்த ஹெல்மெட்டைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பதும் நான்தான். சொன்னேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா அதைச் சொல்லவே இல்லையே" என்றான்.

ஒரு தாளைக் காட்டினான். வட்டம் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடந்ததற்கு யார் யார் எவ்வளவு பொறுப்பு என்று எழுதியிருந்தான். முதல் வட்டத்தில் பாதிக்கு மேல் அவன் பெயர். அடுத்ததில் முந்த முயன்ற லாரி, குறுகலான வளைவு, வீட்டில் ஒரே ஒரு ஹெல்மெட் என்று பெரிய பெரிய துண்டுகள். அவனுக்கு ஒரு கீற்று. பேனாவை எடுத்து அந்தக் கீற்றில் பாதியைப் பிரித்து 'அம்மா' என்று எழுதினான். பிறகு இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு அடித்தான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிக்குக் காதில் பஞ்சு. உளவியலாளர் முன்கூட்டியே தயார் செய்திருந்தார்: ஒலிகளைக் கைப்பேசியில் சிறிதாக வைத்துக் கேட்டுப் பழகியிருந்தான். மதியம் வரை அறையில் இருந்தான். மாலை அப்பாயியோடு வாசலில் நின்று கம்பி மத்தாப்பு பிடித்தான். தம்பி மனைவி வந்திருந்தாள். அவளிடம், "அத்தை, மாமா சட்டை ஒன்று எனக்கு வேண்டும்" என்று கேட்டான்.

நவம்பர் 16, சனி

காலை எட்டு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் போனோம். டிக்கெட்டை அவனே எடுத்தான். முன்னதாக மூன்று வாரம் அடுத்த நிறுத்தம் வரை, பிறகு ஒரத்தநாடு வரை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வந்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் அவன் அப்பா கூடப் போனார். இன்றுதான் அந்த வளைவு.

ஜன்னலோரம் உட்கார்ந்தான். வளைவு வருவதற்கு முன் கம்பியைப் பிடித்தான். விரல் முட்டிகள் வெளுத்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் அங்கே வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. "அந்தப் புளியமரம் இன்னும் இருக்கிறது" என்றான். கொஞ்சம் தூரம் போன பிறகு, "நான் அதை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றான்.

ஷூ வாங்கினோம். எட்டாம் எண். மே மாதத்தில் ஏழு போதுமானதாக இருந்தது.

போன வாரம் நிரப்பிய படிவத்தில் 11. இன்னும் சில இரவுகள் விளக்கு எரிகிறது. பைக்கில் ஏறுவதற்கு ஜனவரி வரை நேரம் கேட்டிருக்கிறான். ஹெல்மெட்டைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து அவன் அலமாரியில் வைத்துக்கொண்டான். அப்பாவிடம் இன்னொன்று வாங்கச் சொல்லியிருக்கிறான்.