நான்கு ஆண்டுகள் பிந்தி வரும் சாவுச் செய்தி

விண்வெளிப் போர்க் கதைகளில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு கலம் வெடிக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒரு நகரம் எரிகிறது. இன்னும் சில பக்கங்கள் தள்ளி ஒரு கோளே தூளாகிறது. இத்தனை சாவுக்கும் நடுவே, செத்தவர்களை நினைத்து யாராவது உட்கார்ந்து அழுகிறார்களா என்று தேடினால், பெரும்பாலான கதைகளில் ஏமாற்றமே மிஞ்சுகிறது. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் இளவரசி லேயாவின் கண்ணெதிரிலேயே, அவள் வளர்ந்த கோள் அதன் அத்தனை மக்களோடும் அழிக்கப்படுகிறது. பிறகு வரும் காட்சியொன்றில், அண்மையில் அறிமுகமான முதிய ஆசானை இழந்து வாடும் லூக்கின் தோளில் போர்வையைப் போர்த்தி ஆறுதல் சொல்பவளும் அதே லேயாதான். ஒரு முதியவருக்காக வருந்த அந்தப் படம் நேரம் ஒதுக்குகிறது. ஒரு கோளுக்காகவும், அதில் இருந்த அவளுடைய பெற்றோருக்காகவும் ஒதுக்கவில்லை.

அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அது அடிப்படையில் ஒரு தேவதைக் கதை. ஆனால் அந்தப் படம் போட்ட தடத்தில் வந்த எத்தனையோ நாவல்களும் தொடர்களும், குடும்பத்தின் சாவைக் கதாநாயகன் துப்பாக்கியை எடுப்பதற்கான காரணமாக மட்டுமே கையாளுகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் தங்கை சாகிறாள், நான்காம் அத்தியாயத்தில் அண்ணன் படையில் சேர்கிறான், அதன்பின் தங்கையின் பெயர் சண்டைக்கு முந்தைய வீர உரைகளில் மட்டுமே வருகிறது. பழிவாங்குதலைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் எதுவும் இல்லை.

துயரத்தை எழுதியவர்கள் அதை எவ்வளவு அருகில் நின்று எழுதினார்கள் என்பதற்குப் புறநானூற்றின் 255-ஆம் பாடலைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். கணவன் இறந்து கிடக்கிறான். 'ஐயோ' என்று வாய்விட்டு அலறலாம் என்றால், சத்தம் கேட்டுப் புலி வந்துவிடுமோ என்று மனைவிக்கு அச்சம். அணைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அவனுடைய அகன்ற மார்பைத் தூக்க அவளுக்கு வலுவில்லை. ஆகவே இறந்தவனைப் பார்த்து, என் முன்கையைப் பற்றிக்கொண்டு சிறிது நடந்து வா, மலையின் நிழலுக்குப் போய்விடலாம் என்கிறாள். அழுவதற்குக்கூட அவகாசம் தராத ஓர் இடத்தில், ஓர் உடலின் எடையோடு போராடும் பெண் அவள். துக்கத்தை நீட்டி விளக்காமல், கை, மார்பு, மலை, நிழல் ஆகியவற்றைக் கொண்டே அதை முழுமையாகச் சொல்லிவிடுகிறது அந்தப் பாடல்.

விண்வெளிப் போர் அவளிடமிருந்து அந்த உடலையும் பறித்துக்கொள்கிறது. கலம் உடைந்தால் உள்ளே இருந்தவர்கள் திரும்பி வருவதில்லை, தேடிப் போகக் களமும் இல்லை. காணாமல்போனவர்களின் குடும்பங்கள் படும் பாடு மண்ணில் நடக்கும் போர்களுக்கும் பழக்கமானதுதான். 1970-களில் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, அவர்கள் படும் துயரத்தைத் தெளிவற்ற இழப்பு என்று அடையாளப்படுத்தினார். இறந்தார் என்று உறுதியாகத் தெரிந்தால் அழுது தீர்க்கலாம், இருக்கிறார் என்று தெரிந்தால் காத்திருக்கலாம். இரண்டும் இல்லாதபோது குடும்பம் அப்படியே உறைந்துபோகிறது. கணவரின் சட்டைகளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற கேள்விகூட அந்த வீட்டில் துரோகமாகிவிடும். இத்தகைய இழப்பில் இரண்டு வகை உண்டு என்றும் அவர் சொன்னார். ஆள் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. ஆள் கண்முன்னே இருக்கிறார், ஆனால் நாம் அறிந்த அவர் அதற்குள் இல்லை என்பது மற்றொன்று. மறதி நோய் கண்டவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது வகை நன்றாகத் தெரியும்.

அறிவியல் புனைகதை தன் சொந்தக் கருவிகளைக் கொண்டு குடும்பத் துயரத்தைத் தொடும் இடங்கள் எல்லாம் இந்த இரண்டு வகைகளில் ஒன்றில் வந்து சேர்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளையும் வேற்றுக்கோள் படைகளையும் எடுத்துவிட்டு ஈட்டியையும் குதிரையையும் வைத்தாலும் அப்படியே நிற்கும் ஓர் இழவுக் காட்சியை எழுத, விண்வெளி தேவையில்லை. விண்வெளிக்கே உரிய துயரம் தொலைவிலிருந்து பிறக்கிறது.

செவ்வாயிலிருந்து ஒரு செய்தி புவிக்கு வர, இரண்டு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியிலிருந்து வருவதற்கு 4.2 ஆண்டுகள் ஆகும். அங்கே ஒரு போர் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் இன்று இறந்தால், தாய் அதை அறிந்து அழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேலாகிவிடும். அதுவரை, அவன் முன்பு அனுப்பிய கடிதங்கள் வாரந்தோறும் வந்துகொண்டே இருக்கும். அவள் பதில் எழுதிக்கொண்டே இருப்பாள். அந்தப் பதில்கள் போய்ச் சேரும்போது பிரித்துப் படிக்க அங்கே ஆள் இருக்காது. அந்த நான்கு ஆண்டுகளில் அவள் சிரித்த நாட்களை எல்லாம், செய்தி வந்த பிறகு அவள் எண்ணிப் பார்ப்பாள். தந்தியும் கடிதமும் மட்டுமே இருந்த காலத்துப் போர்களில், சாவுத் தந்தி வந்த பிறகு இறந்தவனின் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. விண்வெளி அந்தச் சில நாள் இடைவெளியை ஆண்டுக்கணக்கில் நீட்டிவிடுகிறது.

இந்த இடைவெளியின் சுவையை நான் கொஞ்சம் அறிந்திருக்கிறேன். என் தந்தை இறந்த பிறகு அவருடைய கைப்பேசியை அணைத்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. செய்தி எட்டாத பழைய நண்பர் ஒருவர், பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மா தினமும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கைப்பேசியை மறுபடியும் மின்னேற்றத்தில் வைப்பார். அந்த நண்பருக்குச் சொல்லிவிடலாம் அம்மா என்றதற்கு, "ஒருத்தருக்காவது அவர் இருக்கட்டுமே" என்றார். நான் படித்த பல விண்வெளி நாவல்களில் பாதிக்கு மேற்பட்டவை, தங்களிடம் உள்ள அத்தனை ஒளியாண்டுகளையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தின் அருகில்கூட வரவில்லை என்பதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அருகில் வந்தவற்றில் எனக்கு முதன்மையானது ஜோ ஹால்ட்மன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்'. 1974-இல் வெளிவந்த இந்த நாவல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றது. ஹால்ட்மன் இயற்பியலும் வானியலும் படித்தவர். வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டு, அங்கே காயமுற்றுத் திரும்பியவர். படிப்பு, காயம் இரண்டுமே நாவலுக்குள் வந்திருக்கின்றன. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்பவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்பது சார்பியல் கோட்பாடு. ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டு வேகத்தில் செல்லும் கலத்தில் ஓர் ஆண்டு கழிந்தால், புறப்பட்ட இடத்தில் ஏழு ஆண்டுகள் கழிந்திருக்கும். வேற்றுக்கோள் எதிரிகளோடு போரிடத் தொலைதூர விண்மீன்களுக்குப் போய்வரும் கதாநாயகன் மாண்டெல்லாவுக்குச் சில ஆண்டுகளே ஆகியிருக்க, வீட்டில் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. சம்பளம் மட்டும் வட்டியோடு குவிந்து காத்திருக்கிறது, தாய் மூப்படைந்துவிட்டாள்.

சங்கப் பாடல்கள் முதல் இன்றுவரை போர்க் கதைகளில் சாவு களத்திலிருந்து வீட்டுக்கு வரும். மகனை அனுப்பிய தாய் வாசலில் காத்திருப்பாள். இங்கே அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. களத்துக்குப் போனவன் இளமையோடு உயிருடன் இருக்கிறான். ஒரு குண்டுகூட விழாத வீட்டில் இருப்பவர்கள், வயதாகி, நோயுற்று, சாதாரணமாக இறந்துபோகிறார்கள். யாரைக் காப்பதற்காகப் போரிடுகிறானோ அவர்களை அவனுடைய ஒவ்வொரு பயணமும் தின்றுகொண்டிருக்கிறது. எதிரி அவர்களைத் தொடவேயில்லை என்பதால் பழிவாங்கக்கூட அவனுக்கு ஆள் இல்லை. காலத்தின் மீது யார் துப்பாக்கியை நீட்டுவது?

அதே நாவல், அதே இயற்பியலை எதிர்த்திசையிலும் திருப்புகிறது. மாண்டெல்லாவின் காதலி, அவன் என்றாவது திரும்பக்கூடும் என்று, அதிவேகக் கலமொன்றில் ஏறி எங்கும் போய்ச் சேராமல் சும்மா போய்ப்போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறாள், தன் வயதை நிறுத்திவைப்பதற்காகவே. காத்திருத்தலை இவ்வளவு நேரடியான ஓர் இயந்திர வேலையாக வேறு எந்தப் போர்க் கதையும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஆள் கண்முன்னே இருந்தும் நாம் அறிந்த அவர் இல்லாத இரண்டாவது வகைக்கு ஜான் ஸ்கால்ஸியின் 'ஓல்டு மேன்ஸ் வார்' நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் வெளிவந்தது. தன் 75-ஆம் பிறந்தநாளில் மனைவியின் கல்லறைக்குப் போய்வந்துவிட்டுப் படையில் சேரும் முதியவர் ஒருவரின் கதை அது. இளமையான புதிய உடலோடு போர்க்களத்தில் இருக்கும் அவர், ஒரு நாள் தன் மனைவியின் முகத்தோடு ஒரு படைவீராங்கனையைச் சந்திக்கிறார். படை, இறந்துபோன மனைவியின் மரபணுவைக் கொண்டு வளர்த்தெடுத்த பெண் அவள். முகம் இருக்கிறது, நினைவு ஒன்றுகூட இல்லை. மற்றபடி விறுவிறுப்பும் நகைச்சுவையுமாக ஓடும் அந்த நாவலில், அவள் அந்த இறந்துபோன மனைவியைப் பற்றிக் கேட்டறிய விரும்பும் இடத்தில் வேகம் அடங்கிவிடுகிறது. துக்கத்தில் இருப்பவர் ஆசைப்படும் ஒன்றைத் தொழில்நுட்பம் கொடுத்துவிட்டது. ஆனால் கொடுக்கப்பட்டவளுக்கோ சொந்தமாக ஒரு வாழ்க்கை இருக்கிறது. அவள் இன்னொருத்தியின் இடத்தை நிரப்ப வந்தவள் அல்லள். எழுத்தாளர் இதை இன்னும் நெடிதாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். கதை அடுத்த சண்டைக்கு அவசரப்படுகிறது.

எண்ணிக்கையையே துயரமாக்கிக் காட்டிய படைப்பும் உண்டு. 2004-இல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொலைக்காட்சித் தொடரில், பேரழிவில் தப்பிப் பிழைத்துக் கலங்களில் ஓடிக்கொண்டிருக்கும் மக்கள் அத்தனை பேரின் எண்ணிக்கையும் அதிபரின் கலத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் கையால் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் யாராவது அதை அழித்துக் குறைத்து எழுதியாக வேண்டும். தொடரின் முதல் அத்தியாயத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அதிபர் கடைசி எண்ணை அழித்துவிட்டு 47,973 என்று எழுதுகிறார். ஒன்று கூடியிருக்கிறது. போர்க்கலத்தின் நடைபாதைச் சுவர் ஒன்றில், காணாமல்போன உறவினர்களின் படங்களை மக்கள் நெருக்கமாக ஒட்டிவைத்திருப்பார்கள். பணிக்குப் போகும் வீரர்கள் அந்தச் சுவரைக் கடந்துதான் போக வேண்டும். அதிபரின் பலகையும் இந்தச் சுவரும் ஒரே சாவைத்தான் கணக்கெடுக்கின்றன. அரசு எண்ணும் விதம் ஒன்று, வீடு எண்ணும் விதம் ஒன்று. இரண்டையும் ஒரே கதையில் வைத்ததனால்தான் அந்தத் தொடரின் பெருந்தொகை மரணங்கள் நமக்கு உறைக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஹால்ட்மனின் நாவலைத் தேடிப் படிக்க விரும்புவோர் பதிப்பைப் பார்த்து வாங்குவது நல்லது. வீரன் வீடு திரும்பும் நடுப்பகுதியை ஹால்ட்மன் முதலில் எழுதிக் கொடுத்தபோது, அது மிகவும் சோர்வூட்டுவதாக இருக்கிறது என்று, கதையை முதலில் வெளியிட்ட இதழின் ஆசிரியர் ஏற்கவில்லை. ஹால்ட்மன் அதை மாற்றி எழுதினார், பல ஆண்டுகள் அந்த மாற்றிய வடிவமே நூலிலும் அச்சாகியது. போர்க்காட்சிகளில் இத்தனை பேர் சிதறிச் சாவதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. வயது கூடிவிட்டது என்பதால் மருத்துவம் மறுக்கப்பட்டுத் தாய் இறந்துபோவதை ஏற்க முடியவில்லை. 1990-களில் வந்த பதிப்புகளில்தான் அந்தப் பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. அதைச் சேர்த்திருப்பதாக ஆசிரியர் தம் முன்னுரையில் சொல்லும் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.