யாருண்ணா கூப்பிடறாங்க?

"அண்ணா, இந்த ஃபங்ஷனை யாருமே கூப்பிடலை. எடுத்துடட்டுமா?"

கேள்வியில் தப்பே இல்லை. ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையைச் செய்கிற கோட் துண்டு; மற்ற கோட் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஓடும். ப்ராஜெக்ட் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். நான் அவள் திரையைக்கூடப் பார்க்காமல், "இருக்கட்டும்மா, யாராவது கூப்பிடுவாங்க" என்றேன். "யாருண்ணா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "சரிண்ணா" என்று போய்விட்டாள். அந்த 'சரிண்ணா' இன்னும் உறுத்துகிறது. சேர்ந்து நாலு மாதம் ஆன பெண் வேறென்ன சொல்வாள்?

மொத்தம் 40 வரி. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்காக 2009இல் எழுதியது. தோலை அளந்ததும் பின்பக்கத்தில் சதுர அடியை எழுதுவார்கள். கால் அடிகளைத் தலைமேல் சின்ன எண்ணாகப் போடுவார்கள்; 11க்கு மேல் சின்ன 2 என்றால் பதினொன்றரை. அங்கே பதிவு செய்கிறவர் அதை அப்படியே 112 என்று அடிப்பார். கால் இல்லையென்றால் 110. முதல் நாள், 112 சதுர அடியில் மாடு எங்கே இருக்கிறது என்று குழம்பிப்போனேன். அளக்கிற மெஷின் பக்கத்தில் இரண்டு நாள் நின்ற பிறகுதான் பிடிபட்டது. அந்த 112ஐப் பதினொன்றரையாக மாற்றுவதுதான் என் ஃபங்ஷனின் வேலை. சட்டையில் வாடை போக ஒரு வாரம் ஆனது.

பிறகு மெஷினே கம்ப்யூட்டருக்கு நேராக அளவை அனுப்ப ஆரம்பித்துவிட்டது. அதுவும் தசமத்தில். என் 40 வரிக்கு வேலை போய்விட்டது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

அழித்தாலும், கோடின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் அது இருக்கும், தேவையானால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நானேதான். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தபோது பழைய விற்பனை வரிக்கான வாட் கணக்கு, சி ஃபார்ம் என்று இதைவிடப் பல மடங்கு கோட் வரிகளைத் தூக்கிப் போட்டேன். ஒரு துளி வருத்தமில்லை. அரசாங்கம் சொன்னால் கை வருகிறது, பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னால் வரவில்லை. வேறு விதமாகவும் சொல்லலாம்: வரிக் கணக்கைப் புரிந்துகொள்ள நான் எங்கேயும் போய் நிற்கவில்லை.

அவள் பெங்களூர் போய்விட்டாள். அடுத்து வந்த பையன் 'சதுர அடி மாற்று' என்ற பெயரைப் பார்த்து, இதுதான் போலிருக்கிறது என்று கூப்பிட்டுவிட்டான். பேக்கிங் லிஸ்டில் 1342 சதுர அடி, நூற்று முப்பத்து நாலரை ஆனது. சரக்கு துறைமுகத்துக்குக் கிளம்பும் முன் டேனரியிலேயே ஒருவர் பார்த்துவிட்டார். பிழைத்தோம்.

பையன் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எதைப் படிப்பான்? கால் அடிக் கணக்கைப் பற்றி ஒரு வரி கமென்ட்கூட, அதாவது படிக்கிறவருக்கான குறிப்புகூட, நான் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த ஒரு வரி போதும், 40 வரியையும் அழிய விட்டிருப்பேன். அப்போதும் விட்டிருக்க மாட்டேனோ என்னவோ.

போன மாதம் காட்பாடி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். ஊருக்கு வந்திருந்தாள். ஏதேதோ பேசிவிட்டு, "இன்னாண்ணா, அந்த ஃபங்ஷன் இன்னும் இருக்குதா?" என்று சிரித்தாள்.

"எடுத்தாச்சும்மா" என்றேன்.

முழுப் பொய் இல்லை. 40 வரியில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டிருக்கிறேன். அந்தக் குறி போட்ட வரியை, நாங்கள் எழுதும் மொழியான விஷுவல் பேசிக் படிக்காது.