எலும்பில் இருந்தாலும் அது மார்பகப் புற்றுநோய்தான்

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. "இப்போ எலும்புப் புற்றுநோயும் வந்துடுச்சா?" என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. எலும்பில் வளர்வதும் மார்பகத்திலிருந்து போன செல்கள்தான். அதனால்தான் மருந்தும் மார்பகப் புற்றுநோய்க்கானதாகவே தொடர்கிறது.

அந்தச் செல்களுக்கு இந்தப் பயணம் சுலபமே இல்லை. பக்கத்துச் செல்களின் பிடியை விட்டு, சுற்றியுள்ள திசுவைக் கரைத்து, ரத்தக் குழாய்க்குள் நுழையவேண்டும். உள்ளே போனவற்றில் பெரும்பாலானவை ரத்த ஓட்டத்திலேயே செத்துவிடும்.

சரி, தப்பியவை எங்கே தங்கும்? 1889இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசினார். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு, மண்ணீரலில் வெறும் 17 பேருக்கு. இரண்டுக்கும்தான் ரத்தம் போகிறது! புற்றுச்செல்லை விதை என்றும் உறுப்பை மண் என்றும் சொன்னார் அவர். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். எத்தனை பொருத்தமான உவமை!

எலும்பு அப்படியொரு மண். அங்கே போன செல்கள், எலும்பைக் கரைக்கும் நம் உடம்பின் செல்களையே தூண்டிவிடுகின்றன. கரையும் எலும்பிலிருந்து வளர்ச்சிக் காரணிகள், அதாவது செல்களை வளரத் தூண்டும் பொருள்கள், வெளிவருகின்றன. அவை புற்றுக்கே தீனியாகின்றன. புற்று வளர வளர, எலும்பு இன்னும் கரைகிறது. மற்ற மருந்துகளோடு அத்தைக்குப் போடும் எலும்பு ஊசி, இந்தக் கரைதலைத் தடுக்கத்தான்.

வியாழக்கிழமை அடுத்த ஊசி. நான்தான் கூடப் போகிறேன்.