கூட நிற்க ஓர் ஆள்

கடலூரில் லுத்தரன் கிறிஸ்தவ சபையார் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன இல்லத்தில் வேலை பார்க்கிறேன். தெருவில் தங்குகிறவர்களுக்கு இரவில் படுக்கை, குளிக்க இடம், காலையில் கஞ்சி. அரிசிக்குக் குறைவில்லை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பது சபைப் பெண்களின் பழைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக வந்துவிடும். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையிலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

பிறந்தநாள், நினைவுநாள் என்று பிரியாணிப் பொட்டலங்களோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனசு, குறை சொல்லமாட்டேன். ஆனால் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் பக்கம் படுத்திருந்த பெரியவர் கேட்டது வேறு. “சோறு நேத்தே ரெண்டு பொட்டலம் வந்துச்சு தம்பி. இந்தக் காலை யார்கிட்ட காட்டுறது?” சர்க்கரைப் புண். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, “கூட யாரு இருக்கீங்க?” என்பதுதான். அட்மிஷன் போட்டால் மருந்து வாங்கிவர, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ராத்திரி கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக ஒருவர் வேண்டும். குடும்பம் இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் வேலையில் பாதி, அந்த ஒருவராகப் போய் உட்காருவது. உட்கார்ந்தால்தான் பேச்சும் வரும். அந்தப் பெரியவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்தவராம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. புதுக்கன்று வளர்ந்து காய்க்கும்வரை கூலிக்காரர் எதைத் தின்பார்? மனைவியும் போன பிறகு டவுனுக்கு வந்துவிட்டார்.

அப்புறம் காகிதங்கள். முதியோர் உதவித்தொகைக்கு ஆதார் கேட்பார்கள், ஆதாருக்கு முகவரி கேட்பார்கள். அங்கீகாரம் பெற்ற தங்கும் இல்லத்தின் பொறுப்பாளர் சான்று கொடுத்தால் அது ஏற்கப்படும். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும் என்று மத்திய அரசின் திட்டமே சொல்லியிருக்கிறது. கூரை கிடைத்தால் முகவரியும் கிடைக்கிறது என்பதாலேயே அந்தக் கணக்கை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்வோம். பெரியவர் திருநீறு பூசிக்கொண்டுதான் வந்து உட்காருவார். அதைக் கேள்வி கேட்டவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. தட்டு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று எங்கள் போதகர் ஐயா சொன்னார். அதோடு சரி.

இப்போது ஆராதனை முடிந்ததும் அறிவிப்பில் நாங்கள் கேட்பது, ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஓர் இரவு நேரத்தை. வாலிபர் சங்கப் பையன்கள் முறைவைத்து வருகிறார்கள். பெண்கள் வார்டுக்குத்தான் இன்னும் ஆள் போதவில்லை.